சுரண்டாமல் பூசாதிருங்கள்!

வேத பகுதி: லேவியராகமம் 14:33-48; எசேக்கியேல் 13:10-15; எரேமியா 22:13-17



கிறிஸ்துமஸ் நெருங்கி வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, எங்கே போனாலும் பெயிண்ட் கடை வாசலில் நம் ஜனங்கள் நிற்கிறார்கள். தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்த காசு சிலர் கையில் இருக்கிறது. சிலர் கையில் குழு லோன் இருக்கிறது. "இந்த வருஷம் ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. "பாஸ்டர், நாளைக்குப் பெயிண்ட் வேலை ஆரம்பிக்கிறோம், ஜெபம் பண்ணிக்கோங்க" என்று கேட்கிறீர்கள். சந்தோஷமாய் ஜெபிக்கிறேன். ஆனால் ஜெபத்தோடுகூட ஒரு வார்த்தையும் சொல்லவேண்டும் என்று ஆவியானவர் ஏவுகிறபடியால் இதை எழுதுகிறேன். அந்த வார்த்தை இதுதான்: சுரண்டாமல் பூசாதிருங்கள்.

பெயிண்ட் அடிப்பது பாவமா?

சில விசுவாசிகள், "வீட்டை அலங்கரிப்பதெல்லாம் லோக காரியம், பரலோக வீடு போதும்" என்று சொல்லுவார்கள். அப்படியல்ல, பிரியமானவர்களே. உபாகமம் 27-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தவுடன் பெரிய கல்லுகளை நாட்டி, அவைகளுக்குச் சாந்து பூசி, அதன்மேல் நியாயப்பிரமாணத்தின் வார்த்தைகளையெல்லாம் எழுதவேண்டும் என்று கட்டளை பிறந்தது. இடம் ஏபால் மலை. வெறுங்கல்லில் எழுதச் சொல்லவில்லை. பூசின கல்லில் எழுதச் சொன்னார். பூச்சு வேலையைக் கர்த்தர் அற்பமாய் எண்ணவில்லை.

நம் பாட்டிமார்கள் இந்த வேலையை நன்றாய் அறிந்திருந்தார்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பில்லாமலே கொதிக்கும். இராமுழுதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கோந்தும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, நசுக்கின தென்னை மட்டையால் இரண்டு கை, மூன்று கை அடிப்பார்கள். அடிக்கும்போது சுவர் கலங்கலாய்த்தான் தெரியும். காயக் காய வெளுக்கும். காரணம் என்னவென்றால், அந்தச் சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகவே மாறுகிறது. அதன் காரத்தில் பூச்சியும் பூஞ்சாணமும் எளிதில் அண்டாது. அதைவிட முக்கியம், சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி இருக்கும்.

ஆகவே வீட்டைப் புதுப்பிப்பது நல்ல காரியம். சுத்தமான சுவரைப் பார்த்துப் பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள். வேலையிலிருந்து களைத்து வருகிற சகோதரிக்கு வெளிச்சமான ஒரு அறை ஆறுதல்தானே! கேள்வி பெயிண்டைப் பற்றியதல்ல. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர்ச் சுவரின் வியாதி

உங்கள் வீட்டுச் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் அளவு, சில வீடுகளில் இடுப்பு அளவு வரைக்கும் வெள்ளையாய்ப் பொடி பூத்திருக்கும். தொட்டால் உதிரும். பெயிண்ட் அப்பளம்போலப் பொரிந்து நிற்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். "ஓதம் ஏறுது, உப்பு பூக்குது" என்று நாம் சொல்வது இதைத்தான்.

இது எப்படி வருகிறது? விளக்குத் திரியில் மண்ணெண்ணெய் மேலே ஏறுகிறதல்லவா? அதேபோல மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாய்ச் சுவருக்குள் ஏறுகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் அதுவும் கூடவே ஏறும. தண்ணீர் காற்றில் காய்ந்துபோகும், உப்பு போகாது. அது சுவரிலேயே பளிங்குபோல உறைந்து, பருத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் உப்பு கசிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சுவருக்குள் இருக்கிற உப்பும் அப்படியே செய்கிறது. அதனால்தான் மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், அடுத்த ஐப்பசி கார்த்திகையில் அதே இடத்தில் அதே புண்!

உப்புத் தண்ணீர் கடலோரத்தில்தானே இருக்கவேண்டும், பாலாற்றங்கரைக்கு எப்படி வந்தது? நமக்குத் தெரியாததா! பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். ஊறப்போடும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. பல வருஷம் அந்தத் தண்ணீர் மண்ணிலும் ஓடையிலும் ஆற்றிலும் விடப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்றும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தினவரே அதின் செலவைச் சுமக்கவேண்டும் என்ற நியாயத்தை அந்த வழக்கு இந்த தேசத்தில் நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைக் குறித்து மறுபடியும் கண்டிப்பான உத்தரவு கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் மண்ணில் இறங்கின உப்பு ஒரே நாளில் போய்விடாது.

தோல் தொழிலைச் சபிப்பதற்காக இதை எழுதவில்லை. நம் சபையில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல் கம்பெனியும் ஷூ கம்பெனியும்தான். ஆனால் நம்முடைய ஊரில் போர் தண்ணீரை எடுத்துக் கலவை போட்டுக் கட்டின சுவருக்குள் உப்பு இருக்கக்கூடும் என்பதை அறிந்திருக்கவேண்டும். சாப்பாட்டில் இருக்கவேண்டிய உப்பு சுவரில் இருந்தால் அது வியாதி. வியாதியை மூடிவைத்தால் சுகமாகாது.

ஆசாரியன் சொன்ன ஐந்து காரியங்கள்

வீட்டுச் சுவருக்கு வியாதி வருமென்று வேதமே சொல்லுகிறது. லேவியராகமம் 14-ம் அதிகாரத்தில், பச்சையும் சிவப்புமான குழிகள் சுவரில் காணப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்று கர்த்தர் மோசேக்கும் ஆரோனுக்கும் ஒழுங்கு கொடுத்தார். நல்ல பெயிண்டரைக் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்லுகிற வேலை ஒழுங்கும் கிட்டத்தட்ட இதுதான்!

1. வீட்டுக்காரன் தானே வந்து சொல்லவேண்டும். ஆசாரியன் தெருத் தெருவாய்ப் போய்ச் சுவர் பார்க்கவில்லை. வீட்டுக்குரியவன் வந்து, என் வீட்டில் ஏதோ தோஷம் இருக்கிறது என்று அறிவிக்கவேண்டும். நாம் என்ன செய்கிறோம்? உப்பு பூத்த இடத்துக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைக்கிறோம். காலண்டர் மாட்டுகிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று ஒரு கோட் அடிச்சு விடுகிறோம். தேவபிள்ளையே, மறைக்கிறவனுக்கு ஆசாரியன் உதவி செய்ய முடியாது. பெயிண்டரும் உதவி செய்ய முடியாது.

2. வீட்டை ஒழித்து வைக்கவேண்டும். ஆசாரியன் உள்ளே பிரவேசிக்கும் முன்னே சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிடச் சொன்னார்கள். ஏன்? வீடு தீட்டென்று தீர்க்கப்பட்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் அதோடு தீட்டாகிவிடும். ஏழையின் பாயும் பானையும் பாழாய்ப்போகக் கூடாது என்கிற இரக்கத்தை அங்கே பார்க்கிறேன். பெயிண்ட் வேலைக்கும் இதுவே முதல் வேலை. சாமான் நகர்த்தினால்தான் சுவர் தெரியும்.

3. ஏழு நாள் காத்திருக்கவேண்டும். பார்த்தவுடனே பூசச் சொல்லவில்லை. வீட்டை அடைத்து, ஏழாம் நாளில் மறுபடி வந்து பார்த்து, தோஷம் படர்ந்திருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். ஓதத்துக்குக் காரணம் தெரியாமல் பெயிண்ட் வாங்காதிருங்கள். சுவருக்கு அந்தப்புறம் பாத்ரூமா? குழாய் கசிகிறதா? மாடித் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா? தெரு மண் உயர்ந்து வீட்டுத் தளத்துக்கு மேலே வந்துவிட்டதா? காரணத்தை நிறுத்தாமல் அடையாளத்தை மூடினால் பிரயோஜனம் இல்லை.

4. சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டவேண்டும். தோஷமுள்ள கல்லுகளைப் பெயர்த்து, வீட்டின் உட்புறம் சுற்றிலும் செதுக்கி, அந்த மண்ணைப் பட்டணத்துக்குப் புறம்பே கொட்டச் சொன்னார். இதை நன்றாய்க் கவனியுங்கள். உப்புப் பொரிந்த பூச்சை, ஈரம் தெரிகிற கோட்டுக்கு மேலே இன்னும் ஓர் அடி வரை கொத்தி எடுக்கவேண்டும். செங்கல்லில் நிற்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். கொத்தின தூளைச் சுவரோரம் வாசலிலேயே குவித்து வைத்தால், அடுத்த மழையில் அது அதே சுவருக்குத் திரும்ப ஏறும். அள்ளி அப்புறப்படுத்தவேண்டும். மனந்திரும்புதலும் இப்படித்தான். அறிக்கை செய்து விட்ட பாவத்தை வாசலிலேயே குவித்து வைத்திருக்கிறவன் அடுத்த மழைக்குத் தப்பமாட்டான்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு எச்சரிப்பு. பழைய கதவு, ஜன்னல், கிரில்லில் இருக்கிற எனாமல் பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் இது அதிகம். நம்ம ஊர் தோலை நீலமாக்குகிற குரோமியம், ஈயத்தோடு சேர்ந்தால் பளிச்சென்ற மஞ்சள் சாயமாகும். 2016-ல் மத்திய அரசு வீட்டுப் பெயிண்டுக்கு விதி போட்டது. 2017 நவம்பர் 1 முதல் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் வீடெங்கும் பறக்கும். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகையால் மரத்தையும் இரும்பையும் நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வேறு வீட்டில் வையுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சுவர் உப்புக்குக் காய்ந்த பிரஷ், பழைய எனாமலுக்கு நனைத்த தாள். மறந்துவிடாதிருங்கள்.

5. வேறே கல், வேறே சாந்து. சுரண்டின இடத்தில் பழைய மண்ணையே குழைத்துப் பூசச் சொல்லவில்லை, வேறே சாந்து எடுத்துப் பூசச் சொன்னார். உப்புப் போர் தண்ணீரிலேயே மறுபடி கலவை போட்டால் வியாதியை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் கலவை போடுங்கள். புதுப் பூச்சை ஏறக்குறைய நான்கு வாரமாவது ஆறவிட்டுப் பிறகு பெயிண்ட் அடியுங்கள். ஓதம் வருகிற சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு நல்லது. பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும், அடைபட்ட ஈரம் ஒருநாள் பொரிந்து வெளியே வரும்.

கல்லறையும் மண்சுவரும்

இயேசு கிறிஸ்து பரிசேயரை வெள்ளையடித்த கல்லறைகளுக்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம் (மத்தேயு 23:27). ஆனால் யூதர்கள் கல்லறைக்கு ஏன் சுண்ணாம்பு அடித்தார்கள் தெரியுமா? அழகுக்காக அல்ல. பஸ்கா பண்டிகைக்கு முந்தின ஆதார் மாதத்தில் கல்லறைகளுக்கு அடையாளம் இடுவார்கள். வழிப்போக்கர் தெரியாமல் தொட்டுத் தீட்டுப்படக் கூடாது என்பதற்காக. அதாவது, அந்த வெள்ளை ஓர் எச்சரிப்புப் பலகை! "உள்ளே மரணம் இருக்கிறது, கிட்டே வராதே." பரிசேயரோ அந்த எச்சரிப்பையே அலங்காரமாய் உடுத்திக்கொண்டார்கள். இதுதான் கர்த்தரைத் துக்கப்படுத்தியது.

எசேக்கியேல் 13-ம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. ஒருவன் மண்சுவர் கட்டுகிறான். மற்றவர்கள் சாரமற்ற சாந்தை அதின்மேல் பூசுகிறார்கள். பார்க்க நன்றாயிருக்கிறது. சமாதானம் என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். பிறகு பெருமழை வருகிறது, கல்மழை வருகிறது, காற்று அடிக்கிறது, சுவர் விழுகிறது. அந்தப் பூச்சு எங்கே என்று அப்போது கேட்கப்படும்.

மழை வருமென்பது நமக்குக் கதையல்ல. 2021 நவம்பர் 19 அன்று, பாலாற்றில் வெள்ளம் புரண்ட அந்த நாட்களில், பேரணாம்பட்டில் கனமழையில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் மரித்தார்கள். அவர்களில் யாரையும் குறைசொல்ல நமக்கு வாயில்லை. துக்கப்படுகிறவர்களோடு துக்கப்படுகிறோம். ஆனால் உயிரோடிருக்கிற நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ளவேண்டும். ஒரு சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு இருந்தால், சுவர் வெளிப்பக்கம் தள்ளி நின்றால், மழைக்குப் பிறகு வெடிப்பு பெரிதானால், அதற்குப் பட்டி பார்த்து மூடாதிருங்கள். பெயிண்டரைக் கூப்பிடும் முன்னே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அந்தச் சுவரோரம் பிள்ளைகளைப் படுக்கப்போடாதிருங்கள். விசுவாசிக்கிறேன் என்று சொல்லி இடிகிற சுவரின் கீழே படுப்பது விசுவாசமல்ல, அது கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது.

யாருடைய காசில் வருணம்?

வேதத்தில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவன் என்று வெளிப்படையாய்ச் சொல்லப்பட்ட ஒரு ராஜா உண்டு. அவன் யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீம். எரேமியா 22-ம் அதிகாரத்தை வாசியுங்கள். விசாலமான வீடு, பெரிய ஜன்னல்கள், கேதுரு மரப் பலகை, மேலே ஜாதிலிங்க வருணம். ஜாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த விலையேறப்பெற்ற சிவப்பு. கர்த்தர் அந்த நிறத்தைக் கண்டிக்கவில்லை. வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காமல் அந்த வீட்டைக் கட்டினதைக் கண்டித்தார். பார்வோனுக்குக் கப்பம் கட்டக்கூட அவன் தன் ஜனங்களிடத்தில் வரி பிடுங்கினான் என்று 2 இராஜாக்கள் 23:35 சொல்லுகிறது. ஜனங்கள் கொடுத்துத் தவிக்கும்போது ராஜா மாளிகைக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தான்!

அவன் தகப்பன் யோசியாவைப் பாருங்கள். அவனும் கட்டட வேலை செய்வித்தான், தேவாலயத்தைப் பழுதுபார்த்தான். தச்சருக்கும் கொத்தருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் உண்மையாய் வேலை செய்தபடியால் கணக்குக்கூடக் கேட்கவில்லை (2 இராஜாக்கள் 22:3-7). தகப்பனும் மகனும் கட்டட வேலை செய்வித்தார்கள். ஒருவன் கூலி கொடுத்தான், ஒருவன் கொடுக்கவில்லை. எரேமியா பார்த்த வித்தியாசம் அவ்வளவுதான்.

சகோதரனே, உன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த தம்பிக்குப் பேசின கூலியைக் கொடுத்தாயா? "பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று இழுத்தடிக்கிறாயா? உன் கம்பெனியில் ஓவர்டைம் காசு நிற்கும்போது எவ்வளவு வயிறெரிகிறாய்! அவனுக்கும் பிள்ளைகள் உண்டு, அவனுக்கும் கிறிஸ்துமஸோ ரம்ஜானோ பொங்கலோ உண்டு. நிறுத்திவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4-ல் வாசிக்கிறோம். நீ ஆலயத்தில் ஸ்தோத்திரம் சொல்லும்போது, உன் சுவர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அவன் சாரத்தில் ஏறும் முன்னே கயிறும் கழியும் உறுதியா என்று பார். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் சொல்லு.

கடன் வாங்கி வர்ணம் அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்வீட்டில் அடித்துவிட்டார்கள், நாமும் அடிக்காவிட்டால் அசிங்கம் என்று வார வட்டிக்கு வாங்குகிறீர்கள். பெயிண்ட் மூன்று மாதத்தில் பொரிகிறது, தவணை ஒன்றரை வருஷம் நிற்கிறது. திங்கட்கிழமை காலை கலெக்ஷன்காரர் கதவு தட்டும்போது அந்தப் புதுக் கலர் சமாதானம் தருமா? ஓதமுள்ள சுவரில் அடித்த பெயிண்ட், ஓட்டைப் பையில் போட்ட கூலி. ஆகாய் 1:6-ல் தீர்க்கதரிசி சொன்னது இதுவே.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது?

நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை பெய்கிற மாதங்களில்தான் நாம் பெயிண்ட் அடிக்க ஓடுகிறோம். சுவர் தண்ணீர் குடித்து நிற்கிற நேரத்தில் மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும். அது பெயிண்டின் குற்றமல்ல, பெயிண்டரின் குற்றமுமல்ல, காலத்தின் குற்றம். எல்லாவற்றிற்கும் காலமுண்டு.

ஆகவே ஓதமில்லாத நல்ல சுவர்களுக்கு, மழை விட்ட நாட்களாய்ப் பார்த்துத் தாராளமாய் அடியுங்கள், சந்தோஷமாயிருங்கள். உப்பு பூத்த சுவரை மட்டும் இப்போது கொத்திச் சுரண்டி, தூளை அள்ளிப்போட்டு, அப்படியே விடுங்கள். தை, மாசியில் காற்றும் வெயிலும் படட்டும். பிறகு நல்ல தண்ணீரில் பூசி, நான்கு வாரம் ஆறவிட்டு, வெயில் காலத்தில் சுண்ணாம்பு அடியுங்கள். செலவும் குறையும், வேலையும் நிற்கும்.

"ஐயோ பாஸ்டர், கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர் வரும்போது சுவர் செங்கல் தெரிய நிற்குமே, வெட்கமாயிருக்காதா?" என்று கேட்பீர்கள். வெட்கப்படாதிருங்கள்! சுரண்டின சுவர் அவமானமல்ல. வியாதியை மறைக்கவில்லை, வைத்தியம் நடக்கிறது என்று அது சாட்சி சொல்லுகிறது. நம் இரட்சகர் பிறந்த இடத்தில் யார் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள்? வருகிறவர்களுக்கு அந்தச் சுவரைக் காட்டி, ஏன் இப்படி விட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் அதே உப்பு இருக்கும், அவர்களுக்கும் பிரயோஜனமாகும்.

நிலைக்காலில் பூசின இரத்தம்

சுவரைச் சுரண்டும்போது உள்ளத்தையும் பாருங்கள். புருஷனும் மனைவியும் மூன்று வருஷமாய் முகங்கொடுத்துப் பேசாத வீட்டில், ஹாலுக்கு மாத்திரம் புதுக் கலர். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்டு, நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கலர். சனிக்கிழமை குடித்துவிட்டு வந்து, ஞாயிறு வெள்ளைச் சட்டை. இதெல்லாம் சாரமற்ற சாந்து. தேவபிள்ளையே, உன் வீட்டில் எந்த மூலையில் உப்பு பூக்கிறது என்று உனக்குத் தெரியும். நீயே வந்து ஆண்டவரிடத்தில் சொல்லு. அவர் துரத்துகிற ஆசாரியன் அல்ல, நம்முடைய பலவீனங்களைக்குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியர்.

எகிப்தில் அந்த இராத்திரி கர்த்தர் வீடுகளைப் பார்த்தபோது எந்தச் சுவர் அழகு என்று பார்க்கவில்லை. ஈசோப்புக் கொழுந்தைப் பிரஷ்ஷாய்ப் பிடித்து, நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளித்த இரத்தத்தைப் பார்த்தார் (யாத்திராகமம் 12). லேவியராகமத்திலும், சொஸ்தமான வீட்டைச் சுத்திகரிக்க அதே ஈசோப்பு. பாவத்தில் விழுந்த தாவீது 51-ம் சங்கீதத்தில் கேட்டதும் அதே ஈசோப்பு. அடிமையின் குடிசைக்கும் அந்த இரத்தமே போதுமானதாயிருந்தது. அந்த ஒரு பூச்சு மட்டும் மழையில் கரையாது, உப்பில் பொரியாது, கடனில் வாங்கவேண்டியதில்லை. அல்லேலூயா!

இந்த வாரம் குடும்பமாய் உட்கார்ந்து லேவியராகமம் 14-ஐ வாசியுங்கள். வாசித்தபின் சுவரோரம் இருக்கிற பீரோவை நகர்த்திப் பாருங்கள். யாருக்காவது கூலி பாக்கி இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். யாரோடாவது பேசாமல் இருந்தால் போய்ப் பேசுங்கள். தனியாய்க் கொத்த முடியாத விதவைகள், வயதானவர்கள் வீட்டுக்கு நம் வாலிபர்கள் ஒரு சனிக்கிழமை உளியும் சுத்தியலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போகட்டும். எழுப்புதல் வேண்டுமென்று உபவாசிக்கிறோமே, அது சில வீடுகளில் கொத்துகிற சத்தத்தோடு ஆரம்பிக்கும்.

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, நாங்கள் மறைத்து வைத்த மூலைகளை நீர் அறிவீர். பூசி மூடின எங்களை மன்னியும். சுரண்டுகிற வலியைத் தாங்கக் கிருபை தாரும். எங்கள் ஊரின் மண்ணையும் தண்ணீரையும் ஆரோக்கியமாக்கும். மழை நாட்களில் ஏழைகளின் வீடுகளைக் காத்துக்கொள்ளும். எங்கள் வீடுகளுக்காக உழைக்கிற கைகளை ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்